மரபணு ஆலோசனைப் படிப்புக்கு விண்ணப்பித்தல்: மேற்குச் சென்னை மாணவர் முன் உள்ள வழிகள்

குடும்பத்தில் வந்துவிட்ட, அல்லது வரக்கூடிய, பரம்பரை நோயைப் பற்றி அந்தக் குடும்பத்தாருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, அது திரும்ப வரும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அடுத்து என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யத் துணைநிற்பது மரபணு ஆலோசகரின் வேலை. இவர் மருந்து எழுதுவதில்லை, அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. மரபியலைக் கற்ற மூளையும், கலங்கி வந்திருப்பவரின் எதிரே அமைதியாக உட்காரப் பழகிய மனமும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பணிக்கு இன்று பயன்படும் ஆங்கிலப் பெயரை 1947-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் ரீட். இதற்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. இப்போது உலகின் பல நாடுகளில் இது இரண்டாண்டு முதுநிலைப் பட்டம்.

தமிழ்நாட்டில் இந்தப் பணியின் தேவை கூடுதலாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. இந்தியாவில் உறவுக்குள் திருமணம் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் அது எட்டில் ஒன்று. பிறவிக் கோளாறு எந்தத் தம்பதிக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு நேரக்கூடியதுதான். அத்தை மகன், மாமன் மகள் உறவில் அதற்கு மேல் இன்னொரு 2 அல்லது 3 விழுக்காடு சேர்கிறது. சொந்தத்தில் கட்டினால் ஊனம் நிச்சயம் என்று அஞ்சுவோரும் உண்டு, காலங்காலமாகக் கட்டிக்கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்போரும் உண்டு. இரண்டு தரப்பையும் இந்த எண்ணைக் கொண்டு நிதானத்துக்குக் கொண்டுவருவது ஆலோசகரின் அன்றாட வேலை.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டில் இளைய பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. காரணம் ஒடுங்கு வகை மரபணு மாற்றம். அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் குறை வெளிப்படும். ஒரே ஒரு பழுதான படியைச் சுமப்பவர் கேரியர். அவருக்குக் குறை இருக்காது. நன்றாகக் காது கேட்கும் அக்காள் கேரியராக இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவளை அம்மாவின் தம்பிக்குப் பேசுகிறார்கள். அம்மா கேரியர் என்பது உறுதி, ஆகவே அவருடைய தம்பியும் கேரியராக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. இருவரும் கேரியரானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று வருகிறது. நூறு பேரில் ஒருவர் கேரியராக உள்ள சமூகத்தில், உறவில்லாத மாப்பிள்ளை என்றால் அதே பெண்ணுக்கு அறுநூறில் ஒன்று. இந்தப் பெருக்கலைச் செய்யப் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பே போதும். அதை ஒரு பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, யாரையும் குற்றவாளி ஆக்காமல் சொல்வதற்குத்தான் இரண்டாண்டுப் பயிற்சி.

அதிலும் கடினமானது, முடிவை ஆலோசகர் சொல்லக் கூடாது என்ற நெறி. "நீயே சொல்லும்மா, இந்தக் கல்யாணத்தைப் பண்ணலாமா, வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்பது இங்கு இயல்பு. படித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள ஊரில், பதில் சொல்லாமல் விடுவது கைவிடுவதுபோலத் தோன்றும். ஒருவரைக் கைவிடாமலும் அவருடைய முடிவைப் பறிக்காமலும் பேசுவது பழகிப் பழகியே வரும். தேர்வுக் குழுக்கள் விண்ணப்பத்தில் தேடுவது இந்தப் பழக்கத்தின் அடையாளத்தை. மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

விண்ணப்பிக்கும் முன் இந்தியாவில் இத்தொழிலின் சட்ட நிலையை அறிந்திருப்பது அவசியம். மரபணு ஆலோசனை மையம் என்ற சொற்றொடர் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது 1994-ஆம் ஆண்டின் பி.என்.டி.டி. சட்டத்தில், 2003-இல் திருத்தப்பட்ட பிறகு அது பி.சி.பி.என்.டி.டி. சட்டம் என்று அறியப்படுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க வந்த சட்டம் அது. அதன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது குற்றம். மையத்தை நடத்த என்ன தகுதி வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. அந்தத் தகுதிகள் மகப்பேறு, குழந்தை மருத்துவர்களையும் மருத்துவ மரபியலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செவிலியர் பணிக்கும் மருந்தாளுநர் பணிக்கும் இருப்பதுபோன்ற அரசு உரிமம் மரபணு ஆலோசகர் என்ற தனிப் பணிக்கு உருவாகவில்லை. துறையினரே அமைத்த இந்திய மரபணு ஆலோசனை வாரியம் தகுதி பார்த்துச் சான்று தருகிறது. மருத்துவமனைகளும் சோதனைக்கூடங்களும் அந்தச் சான்றை மதிக்கின்றன. ஆனால் அது சட்டம் தரும் உரிமம் ஆகாது. பெயரை மட்டும் நம்பி ஒரு படிப்பில் சேர முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாணவருக்கு மிக அருகில் உள்ள கல்வி நிலையம் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனம். 1985-இல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 1994-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இதில் மனித மரபியலுக்கென்று ஒரு துறையும், மனித மரபியலில் எம்.எஸ்சி. படிப்பும் உண்டு. பெரிய பொது மருத்துவமனை ஒன்றின் வளாகத்துக்குள்ளேயே படிப்பு நடப்பது இதன் பலம். குரோமோசோம் சோதனைக்கு வரும் இரத்த மாதிரி யாருடையது, அந்தக் குழந்தை எந்த வார்டில் இருக்கிறது என்று தொடர்ந்து போய்ப் பார்க்க வழியுண்டு. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மரபியல் துறை இருக்கிறது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல், மூலக்கூறு உயிரியல் துறை இருக்கிறது. மரபணு ஆலோசனை என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. வேண்டுமென்றால், அதை நடத்தும் நிலையங்களில் கர்நாடகத்தின் மணிப்பால் குறிப்பிடத்தக்கது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களின் பாதை வேறு: குழந்தை மருத்துவம், மகப்பேறு, பொது மருத்துவம் ஆகியவற்றுள் ஒன்றில் எம்.டி. பெற்ற பிறகு மருத்துவ மரபியலில் டி.எம். படிக்கலாம்; லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனம் அதற்குப் பெயர்பெற்றது.

மனித மரபியல் எம்.எஸ்சி.யும் மரபணு ஆலோசனை எம்.எஸ்சி.யும் ஒன்றல்ல. முன்னதில் நேரத்தின் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் கழியும். பின்னதில் நோயாளியின் முன் கழிய வேண்டும். சேருமுன் துறையிடம் நேரில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நான்கு பருவங்களில் எத்தனை வாரம் புறநோயாளி பிரிவில் உட்கார வைப்பார்கள்? மாணவர் தாமே குடும்ப வரலாறு கேட்டு வம்சாவளி வரைபடம் வரைவாரா, தள்ளி நின்று பார்ப்பாரா? மேற்பார்வை செய்பவர் பயிற்சி பெற்ற மரபணு ஆலோசகரா, ஆய்வுக்கூட விஞ்ஞானியா? முன்னர் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? தகவல் கையேட்டில் இவற்றுக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. போரூருக்குப் போய்வர அம்பத்தூரிலிருந்து ஒரு முற்பகல் போதும். கேட்காமல் கட்டணம் கட்டுவதைவிட அது மேல்.

அடிப்படைப் பட்டத்தில் பெரிய தடை இல்லை. மேற்குப் புறநகர்க் கல்லூரிகளில் படிப்போர் பலரும் எடுக்கும் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் எல்லாமே ஏற்கப்படும். பல் மருத்துவம், செவிலியர் படிப்பு, உளவியல் முடித்தவர்களும் வருகிறார்கள். குறை விழுவது வேறு இடத்தில். அறிவியல் மாணவர்களின் மதிப்பெண் சான்றிதழில் உளவியல் பாடம் பெரும்பாலும் இருப்பதில்லை. புள்ளியியல் இருந்தாலும் பெயருக்கு ஒரு தாள். உளவியல் மாணவர்களிடம் மரபியலும் உயிர்வேதியியலும் இருப்பதில்லை. அமெரிக்கப் படிப்புகள் மரபியல், உயிர்வேதியியல், புள்ளியியல், உளவியல் ஆகிய நான்கையும் பொதுவாகக் கேட்கின்றன. விடுபட்டதை சுவயம், என்.பி.டி.இ.எல். ஆகிய இணையவழிக் கல்வித் தளங்களில் படித்து, தேர்வெழுதிச் சான்று பெறலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை. கட்டணம் செலுத்தும் முன் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றாண்டு பி.எஸ்சி.யை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக எல்லோரும் எடுத்துக்கொள்வதில்லை என்பது இன்னொரு சிக்கல். நான்காண்டு பி.டெக். படித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பி.எஸ்சி. படித்தவர் இங்கேயே ஓர் எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பிப்பது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி அனுபவப் பகுதி. நலிந்தவர்களோடும் உடற்குறை உள்ளவர்களோடும் நேரம் செலவிட்டதற்கான சான்று, நெருக்கடியில் இருப்பவரிடம் பேசிப் பழகியதற்கான சான்று, மரபணு ஆலோசகரின் பணியை நேரில் கண்டதற்கான சான்று ஆகிய மூன்றும் வேண்டும். நகரின் நடுவில் இருப்போருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும் என்ற எண்ணம் புறநகர் மாணவரிடம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. பூந்தமல்லியிலேயே பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே பூந்தமல்லியில்தான் இருக்கிறது. தேர்வு எழுத உதவியாளர், பாடம் வாசித்துப் பதிவு செய்பவர் என்று இத்தகைய இடங்களில் மாணவர் செய்யக்கூடிய வேலை எப்போதும் உண்டு. பிறவிப் பார்வைக் குறைகளில் கணிசமானவை மரபுவழிப்பட்டவை. விழித்திரைச் சிதைவு நோயால் மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வை சுருங்கிவந்த மாணவர் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிக்கொடுத்தவர், அந்த நோயின் மரபணுக்களைப் பட்டியலிடத் தெரிந்தவரைவிட ஆலோசகர் அறைக்கு ஒரு படி நெருங்கியிருக்கிறார். அடுத்த படியாக நுங்கம்பாக்கத்துச் சங்கர நேத்ராலயாவில் கண் மரபியல் துறை இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருக்கும் ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் வருகின்றன. 2013-இல் தொடங்கிய இத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைத் தேடுகிறது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் குழு போகிறது. கண்டறியப்பட்ட குழந்தைகள் மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். டவுன் நோய்க்குறி, பிறவிச் செவிட்டுத்தன்மை, பிறவி இதயக்கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஒரு குழந்தைக்கு டவுன் நோய்க்குறி என்று தெரிந்தபின் அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், மாமியார் எதை மறைத்தார், அடுத்த குழந்தையைப் பற்றி முதலில் கேட்டவர் யார் என்பதையெல்லாம் இத்தகைய மையங்களில் காத்திருக்கும் தாய்மாரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அனுமதி பெற்று, பெயர்களை எங்கும் எழுதாமல் கற்க வேண்டும்.

நெருக்கடியில் பேசிப் பழக, 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிறந்த இடம். தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பிறகே அங்கே தொலைபேசியை எடுக்க விடுகிறார்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பது எப்படி என்பதே அந்தப் பயிற்சியின் சாரம். மரபணு ஆலோசனையின் சாரமும் அதுதான். ஆவடியிலிருந்து நகரத்துக்குப் போய்வரும் அலைச்சல் இருக்கிறது என்றாலும், இதற்கு ஈடான வேறு அனுபவம் எளிதில் கிடைக்காது. ஆலோசகர் பணியை நேரில் காண, மயிலாப்பூரின் மெடிஸ்கேன் போன்ற கருமருத்துவ மையங்களையும், அடையாறு புற்றுநோய் நிறுவனத்தையும், மருத்துவக் கல்லூரிகளின் மரபியல் பிரிவுகளையும் அணுகலாம். நோயாளியின் அந்தரங்கம் காரணமாக அறைக்குள் அனுமதிக்காவிட்டாலும், ஆலோசகர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசக் கேட்டுக்கொள்ளலாம்; பேசியதைத் தேதியிட்டுக் குறித்துவைக்கலாம். பதிவு பெறாத மையம் எதிலும் பயிற்சிக்கென்று கால் வைக்கக் கூடாது. அங்கே நடக்கும் ஸ்கேனுக்குப் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால், பயிற்சிக்குப் போனவரும் அதில் மாட்டிக்கொள்வார்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர் முதலில் எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க மரபணு ஆலோசனை வாரியத்தின் சான்றுத் தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற வட அமெரிக்கப் படிப்பை முடித்திருக்க வேண்டும், இந்திய எம்.எஸ்சி.யைக் காட்டி நேரடியாக அந்தத் தேர்வில் உட்கார முடியாது. அமெரிக்காவில் சேர்க்கை நடக்கும் முறை நம் மாணவருக்குப் புதியது. 2018 முதல் பெரும்பாலான இடங்கள் பொருத்துமுறையில் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பதாரர் முதலில் பொருத்தும் அமைப்பில் பதிவெண் பெற்று, பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கிறார். டிசம்பர், ஜனவரியில் கெடு முடியும். பிப்ரவரியிலிருந்து நேர்முகத் தேர்வு. அது முடிந்ததும் மாணவர் தாம் விரும்பும் வரிசையில் பல்கலைக்கழகங்களை அடுக்கித் தருகிறார், பல்கலைக்கழகங்களும் மாணவரை அடுக்கித் தருகின்றன. கணினி இரண்டையும் பொருத்தி, ஏப்ரல் கடைசியில் ஒருவருக்கு ஒரே ஓர் இடத்தை அறிவிக்கிறது. அந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். எங்கே கிடைக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றுவதால் ஆதாயம் எதுவும் இல்லை. மனத்தில் உள்ள வரிசையையே எழுத வேண்டும். விசா கிடைத்தாலும் போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

கனடாவில் மெக்கில், டொரன்டோ, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு உண்டு. இடங்கள் மிகச் சில. பிரிட்டனில் கார்டிஃப், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. நடத்துகின்றன, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை சம்பளத்தோடு பயிற்சி தரும் தனித் திட்டமும் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே கல்வியாண்டு ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிப்பதால் விண்ணப்பக் கெடுவும் மாறுபடும்.

நோக்க அறிக்கையில்தான் நல்ல விண்ணப்பங்கள் பல வீழ்கின்றன. சிறு வயதிலிருந்தே டி.என்.ஏ. மீது ஈர்ப்பு, சமூகத்துக்குச் சேவை செய்ய ஆசை என்ற வரிகளைத் தேர்வுக் குழு ஒவ்வொரு ஆண்டும் படித்துச் சலித்திருக்கிறது. பூந்தமல்லியில் தேர்வு எழுதிக்கொடுத்த மாணவர் ஒருநாள் கேட்ட கேள்வி, அதற்கு விண்ணப்பதாரர் பதில் சொல்ல முடியாமல் நின்றது, பிறகு எதைத் தேடிப் படித்தார் என்பதை அரைப் பக்கத்தில் எழுதினால் குழு நிமிர்ந்து உட்காரும். தம் குடும்பத்திலேயே நோய் இருந்தால் அதை எழுதலாம். அந்த அனுபவம் தம் தீர்ப்பை எப்படிச் சாய்க்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் மூன்றில் ஒன்றாவது, வகுப்புக்கு வெளியே மாணவர் மனிதர்களிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவரிடமிருந்து வருவது நலம். துறைத் தலைவர் என்ற பதவிக்காக, மாணவரை அறியாத ஒருவரிடம் வாங்கும் கடிதம் எடுபடுவதில்லை. மாணவரே எழுதிக்கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கே பல இடங்களில் உண்டு. அது முறைகேடு, மாட்டிக்கொண்டால் விண்ணப்பமே ரத்தாகும்.

நேர்முகத்தில் மரபியல் கேள்விகள் குறைவு. சோதனை முடிவை மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்று கணவர் கேட்டால் என்ன செய்வீர்கள், ஒரு தம்பதி உங்கள் மனத்துக்கு ஒவ்வாத முடிவை எடுத்தால் எப்படி நடந்துகொள்வீர்கள், கடைசியாக யாரையாவது வருத்தப்படுத்தியது எப்போது என்பவைபோன்ற கேள்விகளே மிகுதி. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதிக்கிறது; கருவில் கடுமையான கோளாறு இருந்தால் அதற்குப் பிறகும் மருத்துவ வாரியம் முடிவு செய்யலாம். இருபதாவது வாரத்து ஸ்கேனில் கோளாறு தெரியவரும் குடும்பத்துக்கு யோசிக்க எத்தனை நாள் மிஞ்சும் என்பதை உணர்ந்து பேசும் இந்திய விண்ணப்பதாரர், தம் நாட்டின் நிலைமையை அறிந்தவராகத் தெரிவார்.

பணக் கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். அமெரிக்கப் படிப்புகளில் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை அரிது; இரண்டாண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் புறநகரில் ஒரு வீட்டு விலையைத் தொடும். கல்விக் கடன் வாங்கிப் போகிறவர், அங்கேயே சில ஆண்டுகள் வேலை கிடைத்தால்தான் அதை அடைக்க முடியும். அந்த வேலை விசாவைப் பொறுத்தது. இங்கே படித்தவருக்கு வேலை தருவன பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள், கருத்தரிப்பு மையங்கள், கருமருத்துவ மையங்கள், பெங்களூரின் மெட்ஜீனோம், சென்னையின் லைஃப்செல் போன்ற சோதனை நிறுவனங்கள். சோதனை நிறுவனத்தில் சேர்கிறவர், தாம் சொல்லும் ஆலோசனைக்கும் விற்கப்படும் சோதனைக்கும் இடையே கோடு எங்கே என்பதை வேலைக்கான நேர்காணலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. அரசுத் தரப்பில் 2019-இல் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை தொடங்கிய உம்மீத் திட்டம், அரசு மருத்துவமனைகளில் நிதான் கேந்திரங்கள் என்ற மரபணு நோயறிதல் மையங்களை அமைத்து மருத்துவர்களுக்கு மரபியல் பயிற்சி தருகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2047-ஐ இலக்காக வைத்து ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து ஆலோசனை தரத் திட்டமிட்டது. தமிழ்நாட்டில் அதன் களங்களில் ஒன்று நீலகிரி. தென்னிந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் அங்கேயுள்ள பழங்குடியினரிடம்தான் 1952-இல் கண்டறியப்பட்டது.

முதல் முறையில் இடம் கிடைக்காமல் போவது இத்துறையில் சகஜம். மறுமுறை விண்ணப்பித்துச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். சில படிப்புகள் கேட்டால், விண்ணப்பம் எங்கே பலவீனமாக இருந்தது என்று சொல்கின்றன. மே மாதத்திலேயே அதைக் கேட்டு எழுதினால், அடுத்த டிசம்பர் கெடுவுக்குள் விடுபட்ட பாடத்தை முடிக்கவும், ஆறு மாதம் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் தன்னார்வப் பணி செய்யவும் காலம் இருக்கும்.